கிருபை என்பது கிரேஸ் மார்க் அல்ல!

பரீட்சை எழுதிய யாருக்கும் 'கிரேஸ் மார்க்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பாஸ் ஆக 35 வேண்டும். ஒருவன் 32 எடுத்திருக்கிறான். மூன்று மார்க்குக்காக ஒரு வருடம் வீணாக வேண்டாம் என்று இரக்கப்பட்டு அந்த மூன்றைப் போட்டுத் தேற்றி விடுகிறார்கள். ஆனால் 12 எடுத்தவனுக்கு இந்த இரக்கம் கிடையாது. கரைக்குப் பக்கம் வரை நீந்தி வந்தவனுக்கு மட்டும்தான் கை நீட்டுவார்கள்.

கிறிஸ்தவர்கள் சொல்லும் 'கிருபை'யும் ஏறக்குறைய இதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவர்கள் மட்டுமல்ல, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களிலும் நிறையப் பேர். "மனுஷன் தன்னால முடிஞ்ச வரைக்கும் நல்லவனா இருக்கணும், மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்குவார்" என்பதுதான் அவர்களுடைய இறையியலின் சுருக்கம். ஜெபம், உபவாசம், காணிக்கை, தர்மம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு 32 வரை தேற்றி விட்டால் போதும், மிச்சம் மூன்று மேலிருந்து வரும்!

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிய ஏற்பாடு சொல்வது இது இல்லை. இதற்கு நேர் எதிரானது. இந்த வித்தியாசம் புரியாமல் போனால் வெறும் ஒரு சமய வாதத்தில் தோற்றதோடு முடிந்து விடாது. காலம் முழுவதும் பயத்தில் வாழும் மனிதர்களும், காலம் முழுவதும் வேஷம் போடும் மனிதர்களும் அந்த இடத்தில்தான் உருவாகிறார்கள்.

முதலில் சில வார்த்தைகள். தமிழ்ப் புராட்டஸ்டண்டுகளின் பழைய வேதாகமத்தில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு என்று இருக்கும். கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் அருள், நம்பிக்கை, மீட்பு என்று இருக்கும். வார்த்தைகள் வேறு, பொருள் ஒன்றுதான். தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவுக்குப் பெயர் கிருபை. அந்தத் தயவை நம்பி ஏற்பது விசுவாசம். பாவத்திலிருந்தும் மரணத்திலிருந்தும் மனிதன் மீட்கப்படுவது இரட்சிப்பு. எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரம் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. இது மனிதனிடமிருந்து வந்தது அல்ல, கடவுளின் கொடை, யாரும் பெருமை பேச இடமில்லை என்பது அதன் சாரம்.

32 எடுக்க முயன்ற துறவி

கிரேஸ் மார்க் இறையியலை ஒருவர் கடைசி வரை உண்மையாகக் கடைப்பிடித்தால் என்ன ஆகும்? இதற்கு வரலாற்றில் நல்ல உதாரணம் மார்ட்டின் லூத்தர்.

1505 ஜூலையில் ஜெர்மனியின் ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊருக்கு அருகே இடி மின்னலில் சிக்கிய அந்த 21 வயது மாணவர், உயிர் பிழைத்தால் துறவியாகிறேன் என்று நேர்ந்து கொண்டார். சட்டம் படிக்கச் சேர்ந்தவர் படிப்பை விட்டுவிட்டு எர்ஃபர்ட் நகரின் அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் படித்த இறையியலில் கேப்ரியல் பீல் என்ற அறிஞரின் தாக்கம் அதிகம். மனிதன் தன்னில் இருப்பதைச் செய்யட்டும், அப்படிச் செய்கிறவனுக்குக் கடவுள் கிருபையை மறுக்க மாட்டார் என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. அதாவது, நம்முடைய கிரேஸ் மார்க்!

லூத்தர் அதைச் சீரியஸாக எடுத்துக் கொண்டதுதான் பிரச்சினை. உபவாசம் இருந்தார், இரவில் கண் விழித்தார், மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தார். செய்து முடித்துத் திரும்பும்போதே விட்டுப்போன பாவம் ஒன்று நினைவுக்கு வரும். 'தன்னால் முடிந்ததை' செய்தால் போதும் என்கிறார்கள், சரி. ஆனால் முடிந்ததையெல்லாம் செய்தாகி விட்டது என்று யாரால் சொல்ல முடியும்? இன்னும் ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாதா? இன்னும் ஒரு வேளை பட்டினி கிடக்க முடியாதா? இந்தப் பரீட்சையில் பாஸ் மார்க் எவ்வளவு என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. அதனால் மனசாட்சி உள்ளவன் எவனும் நிம்மதியாகத் தூங்க முடியாது. மனசாட்சி மரத்தவன் மட்டும் நன்றாகத் தூங்குவான்.

விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பின்பு, 1515-16ல் பவுலின் ரோமர் நிருபத்தை வகுப்பில் நடத்தினார். அதன் முதல் அதிகாரம் 17ஆம் வசனத்தில் வரும் 'தேவநீதி' என்ற சொல் அவரை நெடுநாள் வாட்டியது. கடவுளின் நீதி என்றால் பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. கடவுள் தண்டிக்க வைத்திருக்கும் நீதி அல்ல, மனிதனுக்குக் கொடையாகக் கொடுக்கும் நீதி அது என்று அவர் பிறகு புரிந்து கொண்டார். அப்போது மறுபடி பிறந்தது போல் உணர்ந்ததாக, இறப்பதற்கு முந்தைய வருடமான 1545ல் எழுதிய ஒரு முன்னுரையில் அவரே நினைவுகூர்கிறார்.

இதே காலத்தில்தான் டெட்செல் என்ற போதகர் பக்கத்து ஊர்களில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றுக் கொண்டிருந்தார். வந்த பணத்தில் ஒரு பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட, மறு பாதி மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் ஃபூகர் வங்கியில் பட்ட கடனை அடைக்க! ஏட்டில் இருந்த போதனை வேறு. பாவத்துக்கான தற்காலிகத் தண்டனை குறையும் என்றுதான் அது சொன்னது. தெருவில் நின்று கேட்ட ஏழைக்கு அது அப்படிக் கேட்கவில்லை. காசைப் போட்டால் செத்துப்போன அப்பாவுக்கு விடுதலை என்றே கேட்டது. 1517 அக்டோபர் 31 தேதியிட்ட 95 கருத்துகள் அங்கிருந்துதான் பிறந்தன. பிற்பாடு 1567ல் போப் ஐந்தாம் பயஸ், பணம் வாங்கிக் கொண்டு வழங்கும் இத்தகைய சலுகைகளை ரத்து செய்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கத்தோலிக்கர்கள் 'செயலால் இரட்சிப்பு' என்கிறார்களா?

புராட்டஸ்டண்ட் மேடைகளில் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு இது. முழு உண்மை அல்ல. பெலாஜியஸ் என்ற துறவி, மனிதன் தன் சொந்த முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்றபோது, அதை எதிர்த்தவர் புனித அகுஸ்தீன். 418ல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியஸின் கருத்தைக் கண்டனம் செய்தது. கிருபை இல்லாமல் தன் செயல்களால் மட்டும் ஒருவன் கடவுள்முன் நீதிமானாக முடியும் என்பதை 1547ல் ட்ரெண்ட் பொதுச்சங்கமும் முதல் விதியிலேயே மறுத்தது. அதே சங்கம் 'விசுவாசம் மட்டுமே' என்பதையும் மறுத்தது. சண்டை கிருபை வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. அந்தக் கிருபைக்குள் மனிதனுடைய ஒத்துழைப்புக்கு என்ன இடம் என்பதில்தான்.

450 வருடச் சண்டைக்குப் பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதனின் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தால் மனிதன் கடவுளால் ஏற்கப்படுகிறான் என்பதில் இரு தரப்பும் ஒத்துப் போகின்றன. 2006ல் மெதடிஸ்டுகளும், 2017ல் சீர்திருத்தத் திருச்சபைகளும் இதில் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்து விடவில்லை. ஆனால் "நாங்கள் கிருபை, நீங்கள் கிரியை" என்று எளிதாகக் கோடு கிழிப்பது இனி நேர்மையாகாது.

இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் புதியதும் அல்ல. லூத்தரைப் பின்பற்றிய சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்குவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, ஸ்ரீவைஷ்ணவர்கள் இதே போன்ற கேள்வியில் வாதாடி இருக்கிறார்கள். தாயைத் தானே பற்றிக் கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விக் கொண்டு போகும் பூனைக் குட்டியா? வடகலை, தென்கலை என்ற இரு பிரிவுகளின் வேறுபாட்டைச் சொல்லப் பயன்படும் உவமை இது. ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய லூத்தரன் இறையியலாளர் இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்து, இந்தியாவின் அருள் நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930ல் ஒரு புத்தகமே எழுதினார். இரண்டும் ஒன்றே என்று சொல்லி விட முடியாது. கிறிஸ்தவத்தில் கிருபை என்பது சிலுவையில் அறையப்பட்ட ஒருவரோடு பிரிக்க முடியாதபடி கட்டப்பட்டது. ஆனால் கேள்வியின் வலி இரு பக்கமும் ஒன்றுதான்: "நான் பிடித்திருக்கும் பிடி போதுமா?"

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?

கிருபையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே வரும் முதல் எதிர்ப்பு இது. நியாயமான எதிர்ப்புதான். பவுலே ரோமர் 6ஆம் அதிகாரத்தில் இதை எழுப்பி, கூடவே கூடாது என்று மறுக்கிறார். யாக்கோபு நிருபம் இன்னும் காட்டமாக, செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்கிறது. லூத்தருக்கு யாக்கோபு மேல் பெரிய மரியாதை இல்லை என்பது உண்மை. ஆனால் பவுலும் யாக்கோபும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் பேசுகிறார்கள் என்று பார்த்தால் சிக்கல் பெரும்பாலும் அவிழ்ந்து விடும். தன் நல்ல காரியங்களைக் காட்டி உள்ளே நுழையப் பார்க்கிறவனிடம் பவுல் பேசுகிறார். "நான் நம்புகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பசித்தவனை வெறும் வாழ்த்தோடு அனுப்பி விடுகிறவனிடம் யாக்கோபு பேசுகிறார்.

லூக்கா 19ல் வரும் சகேயு கதையில் வரிசையைக் கவனித்தால் போதும். அவன் வரி வசூலிப்பவர்களின் தலைவன், ஊர் வெறுக்கும் பணக்காரன். "சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடு, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று இயேசு சொல்லவில்லை. முதலில் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகுதான் சகேயு பாதிச் சொத்தைக் கொடுக்கிறான், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்புகிறான். சொத்தைக் கொடுத்தது நுழைவுக் கட்டணம் அல்ல, விருந்தாளி வந்த சந்தோஷம்.

ஆனால் எல்லோருக்கும் சகேயு போல ஒரே நாளில் நடப்பதில்லை. 'அமேஸிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1748ல் கடலில் புயலில் சிக்கிக் கடவுளிடம் திரும்பியவர். அதற்குப் பிறகுதான், 1750 முதல் 1754 வரை, அவர் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனாகவே இருந்தார்! மேல் தளத்தில் ஜெபம், கீழ்த் தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். கடல் தொழிலை விட்டதும் உடல்நலக் குறைவால்தான், மனசாட்சியால் அல்ல. 1788ல்தான் அடிமை வணிகத்துக்கு எதிராக ஒரு சிறு நூல் வெளியிட்டு, தானும் அதில் பங்கு கொண்டதற்காகப் பகிரங்கமாக வெட்கப்பட்டார். 1807ல் பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடை செய்ததைப் பார்த்துவிட்டு அதே வருடம் இறந்தார்.

கிருபை பேசுகிறவர்கள் இந்த 40 வருடங்களை மறைக்கக் கூடாது. கிருபையை நம்புவதாகச் சொல்பவன் பெரிய அநியாயத்தின் நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியும் என்பதற்கு அவை சாட்சி. லூத்தரே 1543ல் யூதர்களுக்கு எதிராக மிகக் கொடூரமாக எழுதியவர்தான். டீட்ரிக் போன்ஹோஃபர் 1937ல் 'மலிவான கிருபை' என்று சாடியது இதைத்தான்: மனம் திரும்புதல் இல்லாத மன்னிப்பு, பின்பற்றுதல் இல்லாத விசுவாசம். ஹிட்லருக்கு எதிராக நின்றதற்காக 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஆனால் நியூட்டனின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1788ல் அவர் ஊர் மதிக்கும் 60 வயதைத் தாண்டிய போதகர். பழைய கதையைக் கிளறாமலே இருந்திருக்கலாம். கடவுள்முன் தன் மதிப்பு தன்னுடைய நல்ல பெயரில் தொங்குகிறது என்று நம்புகிற மனிதன் அப்படி எழுத மாட்டான், அவனால் அது கட்டுப்படியாகாது. மார்க்கை வைத்து மதிக்கும் இடத்தில் காப்பி அடிப்பதும், விடைத்தாளை ஒளிப்பதும் இயல்பு. தன் ஃபெயில் மார்க்கைச் சபையில் எழுந்து வாசிக்க, வாசித்த பிறகும் வீட்டை விட்டுத் துரத்த மாட்டார்கள் என்ற உறுதி வேண்டும். கிருபை தருவது அந்த உறுதியை. அது தாமதமாக வேலை செய்யலாம், சிலரிடம் வேலையே செய்யாமல் தடுக்கப்படலாம். ஆனால் பயமுறுத்தல் இதுவரை ஒருவனையும் உண்மை பேச வைத்ததில்லை, ஒளிக்கத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறது.

1520ல் எழுதிய 'கிறிஸ்தவனின் சுதந்திரம்' என்ற சிறு நூலில் லூத்தர் இந்த இடத்தைத் தெளிவாக்குகிறார். மரம் நல்லதானால்தான் கனி நல்லதாகும், கனி மரத்தை நல்லதாக்காது. தனக்கு இரட்சிப்பைச் சம்பாதிக்க வேண்டிய வேலை முடிந்து விட்டதால், மனிதன் தன் நேரத்தையும் உழைப்பையும் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செலவிடலாம். புண்ணியம் சேர்க்கத் தர்மம் செய்கிறவனுக்கு ஏழை ஒரு படிக்கட்டு. சேர்க்க வேண்டியது எதுவும் இல்லாதவனுக்கு ஏழை ஒரு மனிதன்.

விசுவாசமே ஒரு செயலாகி விட்டால்?

இன்றைக்கு நிஜமான ஆபத்து வேறு ஒரு வாசல் வழியாக வருகிறது. "செயல்களால் அல்ல, விசுவாசத்தால்" என்று சத்தமாகச் சொல்லும் இடங்களிலேயே விசுவாசம் புதிய மார்க்காக மாறி விட்டது.

குழந்தைக்கு நோய் குணமாகவில்லையா? தாயின் விசுவாசம் போதவில்லை. வேலை கிடைக்கவில்லையா? சந்தேகத்தோடு ஜெபித்திருப்பான். கடன் தீரவில்லையா? விசுவாசத்தோடு இன்னும் கொஞ்சம் காணிக்கை விதைத்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே உடைந்து போன ஒருத்தியிடம், "உன் பிள்ளை பிழைக்காததற்கு நீதான் காரணம்" என்று சொல்லாமல் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! டெட்செலாவது காசு மட்டும்தான் கேட்டார். இது காசையும் கேட்டு, மனசாட்சியையும் நொறுக்குகிறது. 'உன்னால் முடிந்ததைச் செய்' என்ற இடத்தில் 'உன்னால் முடிந்த அளவு நம்பு' என்று மாற்றி எழுதியதைத் தவிர, எர்ஃபர்ட் மடத்தில் லூத்தர் பட்ட வேதனைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. போதிய அளவு நம்பியாகி விட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

பவுல் சொன்ன விசுவாசம் நாணயம் அல்ல, நீட்டிய வெறுங்கை. கையின் அழகுக்காக யாரும் சோறு போடுவதில்லை. நடுங்குகிற கையிலும் சோறு விழும். மாற்கு 9ல் வலிப்பு வரும் மகனைக் கொண்டு வந்த தகப்பன், நம்புகிறேன், ஆனால் என் அவநம்பிக்கைக்கு உதவி செய்யும் என்று அழுகிறான். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். எந்த அளவுகோலிலும் ஃபெயில். இயேசு அவனுக்கு மார்க் போடவில்லை, பையனைக் குணமாக்கினார்.

சிலுவையில் பக்கத்தில் தொங்கிய குற்றவாளி இன்னும் தெளிவான சாட்சி. அவனால் உபவாசம் இருக்க முடியாது, காணிக்கை போட முடியாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கையும் காலும் ஆணியில். என்னை நினைத்துக் கொள்ளும் என்று கேட்க மட்டும்தான் முடிந்தது. அன்றைக்கே பரதீசு என்று பதில் வந்தது. அவன் 32 எடுத்தவன் அல்ல, 12கூட எடுக்காதவன்.

இது நல்லவர்களுக்கு எரிச்சலூட்டும் செய்தி. மத்தேயு 20ல் காலையிலிருந்து திராட்சைத் தோட்டத்தில் வெயிலில் உழைத்தவர்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலி கொடுத்ததைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள். ராத்திரி முழுக்கப் படித்து எழுதியவனுக்கு அந்த முணுமுணுப்பு நன்றாகவே புரியும். பரீட்சை ஹாலில் அது நியாயமும் கூட. ஆனால் கடவுளின் வீடு பரீட்சை ஹால் என்று யார் சொன்னது? வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட எந்தத் தாயும் மார்க் ஷீட் கேட்பதில்லை. அப்படிச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைதான், நாளைக்கு இன்னொருவனுக்குக் கணக்குப் பார்க்காமல் போடும்.

அதனால் கிருபையைப் பிரசங்கிக்கிறவர்களைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். அவர்களிடம் வந்து போகிற ஏழையும் நோயாளியும் பாவியும், பயம் குறைந்து திரும்பிப் போகிறார்களா, கூடித் திரும்பிப் போகிறார்களா? கூடித்தான் போகிறார்கள் என்றால், பலகையில் 'கிருபை' என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும், உள்ளே விற்பது பழைய சீட்டுதான்.